ஆறு பொம்மைகளும் ஒரு டப்பா வெள்ளையும்

பதினோரு வருஷமாக எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பொய்ப்பற்களுக்கு நிறம் ஏற்றுகிறவளை எங்கள் பட்டறையில் எல்லோரும் பொம்மையக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதலாளியும் அப்படித்தான். பல் என்றால் வெள்ளை என்று நினைப்பவர்கள் அவளோடு ஒரு மணி நேரம் இருந்து பார்க்க வேண்டும். ஈறை ஒட்டி ஒரு தேன் நிறம், நடுவில் தந்தம், நுனியில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சாம்பல். ஒரே ஒரு முன்பல்லில் ஐந்து நிறம் வைப்பாள். தூரிகையின் முனை கூராக இருக்க வேண்டும் என்று நிமிஷத்துக்கொரு தரம் அதை உதட்டில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பாள்.

"எச்சி பண்ணாதம்மா, இன்னொருத்தர் வாய்க்குப் போற பல்லு" என்று முதலாளி கத்துவார்.

"உலையில போய்ட்டு வர்ற பல்லுல எச்சி எங்க சார் நிக்கப் போகுது?" என்பாள். யார் சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கட்டியவனோடு இரண்டு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, "ஒத்துவரல" என்ற ஒரே சொல்லில் அந்தக் கதையை முடித்துவிட்டுத் தனியாக வந்தவள் அவள். இரண்டு அறை வீடு. ஓர் அறை அவளுக்கு, இன்னொன்று பொம்மைகளுக்கு. நூறு வருஷத்துக்கும் மேல் பழசான துணிப் பொம்மைகளாகத் தேடித் தேடிச் சேர்த்தாள். துணியைப் பசையில் நனைத்து அச்சில் அழுத்தி முகம் எடுத்து, அதன்மேல் எண்ணெய்ச் சாயத்தால் கண், வாய், தலைமுடி எல்லாம் தீட்டிய பொம்மைகள். பீரோவில் பத்தொன்பது இருந்தன. புடவைகள் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் கிடந்தன.

சேர்த்தது போதாதென்று அவற்றைப் போலவே செய்யவும் ஆரம்பித்தாள். பல் அச்சு எடுப்பதற்காக எங்களிடம் ஒரு மாவு உண்டு. தண்ணீர் விட்டுக் குழைத்தால் இரண்டு நிமிஷத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும், எதிலும் ஒட்டாது. பழைய பொம்மையின் முகத்தை மெல்லிய உறையால் மூடி, அதன்மேல் இந்த மாவை அப்பி அச்செடுப்பாள். சாயம் ஒரு பொட்டுகூடப் பெயராது. "பொம்மைக்கும் பல்லு கட்டப் போறியா?" என்று நாங்கள் கேலி செய்தோம்.

அச்சு சரியாக வந்தது, தையல் சரியாக வந்தது, வெள்ளை மட்டும் வரவில்லை. கடையில் வாங்கும் வெள்ளை சுண்ணாம்பு மாதிரி நீலம் பாய்ந்து நின்றது. பழைய முகங்களில் இருந்ததோ பாலாடை மாதிரி ஒரு வெள்ளை. ஆறேழு மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். பிறகு ஒருநாள், விளம்பரப் பலகை எழுதுகிற ஒருவர் கடையைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனாள். பரணின் மூலையில் பேர் அழிந்த ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே எண்ணெய்க்கு அடியில் களியாய் உறைந்த வெள்ளை. டப்பாவைத் தூக்கியபோது கை இறங்கிவிட்டதாம், அவ்வளவு கனம்.

அடுத்த நாள் பட்டறைக்கு வந்ததும் வராததுமாக என் மூக்குக்கு நேரே ஒரு துணி முகத்தை நீட்டினாள். "பாரு, கெடச்சிருச்சு!" உண்மையில் உயிரோடு இருக்கிற மாதிரிதான் இருந்தது.

அந்த வெள்ளையில் ஐந்து பொம்மைகள் செய்து முடித்தாள், ஆறாவதன் முகம் மேசையில் காய்ந்துகொண்டிருந்தது. நான்கை மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் செய்ததைத் தங்கை மகளுக்குக் கொடுத்தாள். இரண்டு தெரு தள்ளித் தங்கை வீடு. குழந்தைக்கு இரண்டரை வயது. அந்தப் பொம்மை இல்லாமல் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. போகிற இடமெல்லாம் இடுப்பில் பொம்மை.

குழந்தை கைக்குப் பொம்மை போய் எட்டு மாதம் ஆயிற்று. குழந்தைக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது. முகம் வெளுத்துப் போயிற்று, எதற்கெடுத்தாலும் சிணுங்கல். "பூச்சியா இருக்கும்" என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். இங்கே பட்டறையில், அக்கா நிறம் ஏற்றிய பற்கள் இரண்டு மூன்று திரும்பி வந்தன. கோடு ஆடியிருந்தது. "கண்ணாடி மாத்தணும்" என்று மழுப்பினாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அவள் வேலை செய்வதை நான் பார்த்தேன், கேட்கத் தோன்றவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் கடிகாரக்காரர் அவள் வீட்டுக்கு வந்தார். கடிகாரம் பழுது பார்க்கிறவர், அவரும் பழைய பொம்மைகள் சேர்க்கிறவர். மேசையில் இருந்த முகத்தைக் கையில் எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வெள்ளை ஏதும்மா?"

பெருமையோடு டப்பாவை எடுத்துக் காட்டினாள். அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். உடனே கீழே வைத்துவிட்டார்.

"இது ஈயம்மா. ஈய வெள்ளை. விஷம். அந்தக் காலத்துல தெரியாம பூசினாங்க." கொஞ்சம் நிறுத்தி, "குழந்தைங்க கையில எதுவும் குடுத்துடலையே?" என்றார்.

"இல்லியே" என்றாள் அக்கா.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வெள்ளையைத் தொட்ட தூரிகையை உதட்டில் வைக்கும்போதெல்லாம் நாக்கில் லேசாக ஓர் இனிப்பு தட்டும். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. இப்போது அது நினைவுக்கு வந்ததும் புறங்கையால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். அந்த இனிப்புக்குத்தானே குழந்தையும் பொம்மையின் முகத்தைச் சப்பிக்கொண்டே திரிகிறது என்று தோன்றியதும் எழுந்து ஓடினாள்.

தங்கை வீட்டில் குழந்தை பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். பொம்மைக்கு மூக்கு இல்லை. கன்னத்திலும் நெற்றியிலும் வெள்ளை போய் வெறும் துணி தெரிந்தது. போனதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னக்கா, மூச்சு வாங்குது?" என்றாள் தங்கை.

"ஒண்ணுமில்லடி. பொம்மை அழுக்கா இருக்கு. தொவச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு வந்துவிட்டாள். தெருமுனை வரை குழந்தை எழுந்து அழும் சத்தம் கேட்டதாம்.

அன்று முழுக்க அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவேளை கடிகாரக்காரர் தப்பாகச் சொல்லியிருக்கலாம், தானே பரீட்சை செய்து பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் பெயிண்ட் கடையில் விசாரித்து, ஈயம் பட்டால் சிவக்கும் பஞ்சுக் குச்சி ஒன்று வாங்கி நேராகப் பட்டறைக்கு வந்தாள். என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"நீ தேய். எனக்குக் கை வரல."

பொம்மையின் காதோரம் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருந்தது. தேய்த்தேன். பஞ்சு முதலில் மஞ்சளாகவே இருந்தது. "மாறல பாத்தியா, மாறல" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, ரத்தத்தில் தோய்த்த மாதிரி சிவந்துவிட்டது. நான் குச்சியைக் கீழே போட்டுவிட்டேன். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தங்கச்சி என்னைக் கொன்னுடுவா" என்றாள். பிறகு, "கொன்னாலும் பரவால்ல. குழந்தை..." என்றாள்.

நானும் கூடப் போனேன். தங்கை அடுப்படியில் நின்றிருந்தாள். அக்கா வாசல்படி தாண்டவில்லை, அங்கேயே நின்று எல்லாவற்றையும் மளமளவென்று கொட்டிவிட்டாள். தங்கை திட்டவில்லை. அடுப்பை அணைத்தாள். குழந்தையைத் தூக்கி அதன் வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள், ஏதோ இன்னும் அங்கே இருப்பதுபோல. பிறகு திரும்பினாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"நேத்து."

"நேத்து தொவச்சுத் தரேன்னு தூக்கிட்டுப் போனியே. அப்பவேவா?"

"ஆமா" என்றாள் அக்கா.

"ஒரு நாள் முழுக்கச் சொல்லாம வச்சிருந்திருக்க" என்றாள் தங்கை. அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு குழந்தையோடு இறங்கிவிட்டாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் ஊசி ஏறும்போது அது "பெரியம்மா, பாப்பா எங்க?" என்று பொம்மையைக் கேட்டு அழுதது. அக்கா நடைவழியின் கடைசிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, "பொம்மை செஞ்சது யாரு? நீங்களும் கையைக் காட்டுங்க" என்று அவளுக்கும் ரத்தம் எடுத்தார். முடிவு வர மூன்று நாள்.

அந்த மூன்று நாளும் அக்கா பட்டறைக்கு வந்தாள், வேலை ஓடவில்லை. குழந்தைக்கு மூளை வளராமல் போகுமா, பேச்சு போகுமா, காது போகுமா என்று எங்கேயோ படித்ததையெல்லாம் என்னிடம் ஒப்பிப்பாள். தங்கைக்கு ஃபோன் செய்தால் எடுக்க மாட்டாள். தங்கையின் வீட்டுக்காரர் எடுத்து, "சாப்பிட்டா. தூங்குறா" என்று இரண்டே வார்த்தை சொல்லி வைத்துவிடுவார். அந்த இரண்டு வார்த்தைக்காக நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டாள். சாதத்தைப் பிசைந்து அப்படியே மூடி வைத்துவிடுவாள்.

முடிவு வந்தது. குழந்தையின் ரத்தத்தில் இருக்கக்கூடாத அளவு இருந்தது, ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவு இல்லை. "பொம்மையை எடுத்துட்டீங்கல்ல, இனிமே இறங்கும். இரும்புச் சத்து மருந்து குடுங்க, பால் குடுங்க, மாசாமாசம் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு இன்னொரு தாளை எடுத்து அக்காவைப் பார்த்தார். அவள் ரத்தத்தில் இருந்தது குழந்தையைப் போல மூன்று மடங்கு. "தூரிகையை வாயில வைப்பீங்களா?" என்று கேட்டார். அக்காவுக்கு அது காதில் விழவே இல்லை. "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? ஆகாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் மற்ற நான்கு பொம்மைகளின் ஞாபகம் வந்தது. அந்தப் பயம் வேறு மாதிரி. தெரியாமல் நாலு மூலைக்கும் விஷத்தை அனுப்பி வைத்துவிட்டோமே என்று, வாங்கியவர்களை ஒவ்வொருவராகத் தேடக் கிளம்பினாள்.

அந்த நான்கில் முதலாவது ஒரு தையல்கடை அம்மாவிடம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார், ஒரு கை படவில்லை. இரண்டாவது, தூர தேசத்துக்கு மாறிப் போன ஒரு தம்பதியிடம். ஃபோனில் கேட்டுவிட்டு, உறைக்குள் போட்டு ஒட்டி, ஆபத்தான குப்பை வாங்கும் இடத்தில் ஒப்படைத்துவிட்டதாகப் படம் அனுப்பினார்கள். மூன்றாவது எங்களுக்கே பல் வேலை கொடுக்கும் ஒரு டாக்டரிடம். அவர் அதை வீட்டில் வைக்கவில்லை. நாங்கள் போனபோது, சிகிச்சைக்குக் காத்திருக்கும் அறையில் ஒரு சின்னப் பையனின் மடியில் அந்தப் பொம்மை கிடந்தது.

"எல்லாப் பசங்களும் இதைத்தான் கேக்கும், பயம் போயிடும்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண், சிரித்துக்கொண்டு.

அக்கா பையனின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கினாள். அவன் வீறிட்டான், அவன் அம்மா எழுந்து சண்டைக்கு வந்தாள். டாக்டர் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறிப்போய்ப் பதிவேட்டை விரித்துவிட்டார். நாற்பத்து மூன்று குழந்தைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் அக்காவே ஃபோன் செய்தாள். "நான்தான் அந்தப் பொம்மையைச் செஞ்சேன்" என்று ஆரம்பித்து ஒவ்வொருவரிடமும் முழுக்கச் சொன்னாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் போலீசுக்குப் போகிறேன் என்றார். போகட்டும் என்று முகவரியைக் கொடுத்தாள். பரிசோதனைக்குப் போன குழந்தைகளில் யாருக்கும் பயப்படும்படி இல்லை. கொஞ்ச நேரம்தானே வைத்திருந்தார்கள், அதுவும் வாயில் வைக்கும் வயசு தாண்டியவர்கள்.

நான்காவது கிடைக்கவில்லை. கைவினைக் கண்காட்சியில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் வாங்கிக்கொண்டு போனாள். பேர் தெரியாது, ஊர் தெரியாது. குழந்தை கை நீட்டியதால்தான் வாங்கினாள் என்பது மட்டும் அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. பொம்மையின் படம் போட்டுப் பத்திரிகையில் மூன்று தடவை அறிவிப்புக் கொடுத்தாள், கண்காட்சித் திடலின் கம்பங்களில் ஒட்டினாள், குழந்தை டாக்டர்கள் எல்லோருக்கும் எழுதினாள். இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை.

தங்கை ஏழு மாதம் அவள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. குழந்தையின் அளவு இறங்கி இறங்கி, டாக்டரம்மா "இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்று சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவளே ஃபோன் செய்தாள். "குறைஞ்சிருக்கு, அக்கா" என்றாள். அக்கா அழுததில் எதிர்முனை என்ன சொன்னது என்று தெரியவில்லை. குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, வாய் ஓயாமல் பேசுகிறது. அது ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால் போதும், அக்கா தங்கையைப் பார்ப்பாள், தங்கை வேறு பக்கம் பார்ப்பாள்.

அக்காவின் கை நடுக்கம் நின்றுவிட்டது. பொம்மையும் செய்கிறாள், கடையில் வாங்கும் சாதாரண வெள்ளையில். முகத்தில் நீலம் தட்டுகிறது. "தட்டட்டும்" என்கிறாள்.

போன மாதம் ஒருநாள் பட்டறைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாக ஒரு குழந்தையின் கையில் வெள்ளை முகப் பொம்மை ஒன்றைப் பார்த்துவிட்டு, ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கப் பார்த்திருக்கிறாள். விழுந்து எழுந்து, அந்த அம்மாவைத் துரத்திப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள்.

"பிளாஸ்டிக்" என்றாள் என்னிடம், கைக்குட்டையால் முழங்கையை ஒற்றிக்கொண்டே. "வெறும் பிளாஸ்டிக்."

பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து, யாருக்கோ போகவேண்டிய ஒரு முன்பல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.