பத்தடியும் பத்தரையும்

ஆரணியில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் வீட்டு பிளான் வரையும் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு வீட்டை முடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. இரண்டு வருடத்தில் அதை அரை நாளாக்கினேன். திரையில் மெனுவைத் தேடாமல் இடது கை விரல்களாலேயே கமாண்டுகளை அடிக்கப் பழகினேன். கதவு, ஜன்னல், மாடிப்படி என்று அடிக்கடி வருபவற்றை ஒருமுறை வரைந்து சேமித்து வைத்தேன். பெயரைத் தட்டினால் வந்து உட்கார்ந்துகொள்ளும். "இந்தப் பொண்ணு கை வச்சா ஜல்தியா முடிஞ்சிடும்" என்று இன்ஜினியர் வருகிறவர்களிடம் சொல்வார். எனக்கு அது பிடித்திருந்தது.

சேவூரிலிருந்து ஒரு நெசவாளர் மனைவியுடன் வந்தார். கீழே தறி, மேலே குடித்தனம். தறிக்கு மேல், சேலையில் டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டி வர வேண்டும் என்பதால், கீழ்த்தளம் வழக்கமான பத்தடியை விட அரையடி உயரமாக வேண்டும் என்றார்.

அன்று இன்னும் இரண்டு பிளான்கள் காத்திருந்தன. பத்தடிக்கு வரைந்து வைத்திருந்த மாடிப்படியையே எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றும் அரையடி உயரத்தில் இருபது படிகள். உயரத்தை மாற்றிப் படிகளைத் திரும்பப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். நான் கோடுகளைத் தொடவில்லை. உயரம் என்று எழுதியிருந்த எண்ணை மட்டும் பத்தரை என்று திருத்தினேன். தாளில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார்.

சில மாதம் கழித்து, அந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி போன் செய்தார்.

"படி கணக்கு ஒத்து வர்லம்மா. இருபது போட்டும் மேல அரையடி நிக்குது. கொஞ்சம் பாத்து சொல்லுங்க."

வேறொரு வீட்டை வரைந்துகொண்டிருந்தேன். ஃபைலைத் திறக்கவில்லை. "டிராயிங் கரெக்டாத்தான் இருக்கு. அதுல இருக்கறபடியே கட்டுங்க" என்றேன். அவர் அப்படியே கட்டி, மிச்ச அரையடியைக் கடைசிப் படியில் சேர்த்துவிட்டார். மற்ற படிகள் அரையடி, அது மட்டும் ஓரடி.

குடிவந்த மூன்றாம் வாரம், நெசவாளரின் மனைவி துணி வாளியோடு மாடியிலிருந்து இறங்கக் கால் வைத்தார். அரையடியில் இருக்கும் என்று நினைத்த படி அங்கே இல்லை. அடிவரை உருண்டார். வேலூர் ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

"மேஸ்திரி படிய கெடுத்துட்டான்" என்று இன்ஜினியர் சொன்னபோதுதான் ஃபைலைத் திறந்து அளந்தேன். எழுதியிருந்தது பத்தரை; படிக்கோடுகள் பத்தடிதான் இருந்தன. அவரிடம் சொன்னேன்.

"கட்னது அவன். நீ பேஜார் பண்ணிக்காத. ஃபைல சரி பண்ணி வச்சிடு."

சரி பண்ணி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவூருக்கு டவுன் பஸ் ஏறினேன். தறிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு அந்த அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். எண்ணை மட்டும் மாற்றியதையும், போனில் சொன்னதையும் இருவரிடமும் சொன்னேன். நெசவாளர் தறியை நிறுத்தினார்.

"போன் பண்ணி கேட்டேன்னு மேஸ்திரி அழுதுகினு சொன்னாரு. பொய்யின்னு நெனச்சி கை ஓங்கிட்டேன்."

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. "போம்மா. எனக்கு ஒண்ணும் பேச வர்ல" என்றார்.

அங்கிருந்து மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"என்கிட்ட சொல்லி இன்னாம்மா ஆவப்போவுது? அவங்க தெருவுல யாரும் என்னை வேலைக்குக் கூப்பிடறதில்ல. அங்க வந்து சொல்லு."

அவரோடு திரும்பிப் போய் மூன்று வீட்டு வாசலில் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். நான்காவது வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்.