கரையேறியவனின் கதை

தூத்துக்குடி வாசகசாலையில் நான் சந்தித்த தண்டல், அதாவது கொழும்புக்குச் சரக்கேற்றிச் செல்லும் பாய்த்தோணியொன்றின் தலைவர், எந்நூலையும் கடைசிப் பக்கத்திலிருந்தே புரட்டுவார். கடலில் தம் ஆட்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காக, புகழ்பெற்ற நாவலொன்றின் இரண்டாம் பாகத்தை அன்று கேட்டார்.

"அது வெறும் கேலிக்கூத்துவே. முதல் பாகந்தான் இலக்கியம்," என்று நூலகர் ஏளனமாக மறுத்தார்.

தண்டலின் நரைமீசை துடித்தது.

"அண்ணாச்சி, முதல் பாகத்துல தோணி முங்குது. அத வாசிச்சா ஒரு பய கொழும்புக்கு வரமாட்டான். ரெண்டாவதுலதான் செத்தவன்னு நெனச்சவன் கரையேறி, மாமியாகிட்ட ஏச்சு வாங்குதான். அதக் கேட்டுச் சிரிச்சாத்தான் பயலுவ பாய் விரிப்பானுவ!"

எவர் எதை வாசிக்கலாமென விதிக்க இந்நூலகர் யார்? சினம் பொறாமல், அந்நூலை என் பெயரில் பெற்று அவரிடம் கொடுத்தேன்.

தண்டல் நலமாகத் திரும்பினார், நூல் திரும்பவில்லை.

"பயலுவ அதத் தோணியவிட்டு எறக்கவிட மாட்டேங்கானுவ," என்றார்.

நூலகர் என்னை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கினார். இன்றளவும் நான் வருந்தவில்லை.