கிடங்கின் பேரரசிக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு

"நான் ஒரு நாள் வரலேன்னா இந்தக் கம்பெனியிலேந்து ஒரு வரி புரோகிராம் வெளிய போவாது. எழுதி வெச்சுக்கோங்க!"

ஹெப்பகோடி பக்கத்து மென்பொருள் நிறுவனமொன்றின் ஆண்டு விழாவில், மைக் கைக்கு வந்த தைரியத்தில் சங்கமித்ரா வெளியிட்ட பிரகடனம் இது. நானூறு பேர் கைதட்டினார்கள். மேலாளர் வைத்தீஸ்வரன் மட்டும் கைதட்டவில்லை. அவள் சொன்னபடியே மனத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

பெருமைக்குக் காரணம் இல்லாமலில்லை. அங்கே எழுதப்படும் துண்டு துண்டான புரோகிராம்களை மூட்டை கட்டி, பேக்கேஜ் என்று பெயரிட்டு, பொதுக் கிடங்கு ஒன்றில் போடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அல்சூரில் பிறந்த, நாற்பத்திரண்டு வயது சங்கமித்ராதான் அக்கிடங்கின் பேரரசி. பேக்கேஜ்களைச் சோதிப்பது இயந்திரம். முடிவைப் பார்த்து, வெளியே போகத் தகுந்த 'நல்லது' என்ற அடுக்குக்கு ஏற்றுவது அவள் கை மட்டும். தேறியதென்று இயந்திரம் பச்சை காட்டியதைத் திருப்பி அனுப்புவாள், தேறவில்லையென்று சிவப்பு காட்டியதை உள்ளே விடுவாள். ஏனென்று கேட்டால், "அந்த டெஸ்ட்டு திங்கக்கிழமைல மட்டும் பொய் சொல்லும்" என்பாள். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைத்தது.

அப்பேர்ப்பட்ட பேரரசிக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு தேவைப்பட்டது. அம்மா சந்திரம்மாவுக்குச் சாவதற்குள் புத்தகயாவைப் பார்த்துவிட வேண்டும். முழங்கால் இரண்டும் அடுத்த வருஷம் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எப்படி மேடம்?" என்றார் வைத்தீஸ்வரன், மிகுந்த பணிவோடு. "ஒரு நாள் வரலேன்னாலே ஒரு வரி வெளிய போகாதுன்னு மைக்ல சொன்னேளே. பன்னெண்டு நாள் ஆபீஸ இழுத்து மூடணுமா?"

"நான் லீவு கேக்கல சார், போறேன்னு சொல்றேன். எங்கம்மா முட்டி உங்க ரிலீஸ் தேதி பாத்துத் தேயாது."

"போனா வேலை இருக்காது மேடம்."

"வேல இருக்கும் சார். நான்தான் இருக்க மாட்டேன்."

விடுவிடுவென்று வெளியே வந்தவளுக்கு, தன்னைக் கட்டிப்போட்டிருப்பது வைத்தீஸ்வரன் அல்ல, தன் வாய்தான் என்பது லிஃப்ட்டில் இறங்கும்போது விளங்கியது. அதற்காக அவரிடம் போய்க் குனிவதா? மூன்று வாரம் ஒருவரிடமும் மூச்சு விடாமல், தலைக்குள் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி இயந்திரத்துக்கு விதிகளாக எழுதினாள். திங்கட்கிழமைப் பொய்யும் ஒரு விதியாயிற்று. மொத்தம் அறுபத்து மூன்று. திருப்பி அனுப்பும்போது ஒரு குறிப்பும் போக வேண்டுமல்லவா? அதையும் தன் பாணியிலேயே எழுதி வைத்தாள்.

ஒரு புதன்கிழமை காலை, கிடங்கை அந்த விதிகளிடம் விட்டுவிட்டு, கணினியைத் திறக்காமலேயே கேண்டீனுக்குப் போய் செட் தோசையோடு உட்கார்ந்துகொண்டாள். பேரரசி இல்லாத கிடங்கு பத்து மணிக்குள் ஓலமிடும் என்று மனத்தின் ஒரு மூலை வேண்டிக்கொண்டிருந்தது. பத்து ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஒருவரும் தேடி வரவில்லை. தேநீர் குடிக்க வந்த புரோகிராமர் கிரண்தான் அவளைக் கண்டதும் திடுக்கிட்டான்.

"என்னக்கா இது! 'கண்ண தொறந்து வெச்சுட்டுதான் டைப் பண்ணியா?'ன்னு கேட்டு என் பேக்கேஜ திருப்பி அனுப்பியிருக்கீங்க. கொஞ்சம் மரியாதையா திட்டலாமில்ல?"

"எப்போ?"

"ரெண்டு நிமிஷம் முன்னாடி! அதுக்குள்ள மூணு மாடி எறங்கி எப்படி வந்தீங்க?"

"தப்பு யாருது?"

கிரண் தலையைச் சொறிந்தான். "என்னுதுதான். மத்தவங்களுதெல்லாம் காலைலயே ஏத்தி விட்டுட்டீங்க."

சங்கமித்ரா அவனுக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். பிறகு போனை எடுத்து வைத்தீஸ்வரனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: "வெள்ளிக்கிழம ரயில் சார். இன்னிக்கு காலைலேந்து நான் வேல பாக்கல. யாரும் கவனிக்கல."