சண்முகத்தாய் பூசாமல் விட்ட பூச்சு

ஆய்க்குடியிலிருந்து பால் கொண்டுவருபவர்தான் சொன்னார். "லைட்டுக்கடை அக்கா போயிட்டாவ அண்ணாச்சி. இன்னைக்குக் காலையில." குற்றாலத்தில் நான் சமையல் செய்யும் லாட்ஜின் பின்கட்டில் கரண்டியோடு நின்றிருந்தேன். அடுப்பைத் தணித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தென்காசி ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டிய எல்லோருக்கும் லைட்டுக்கடை அக்கா சண்முகத்தாயைத் தெரியும். எனக்குத் தெரியவந்த விதம் வேறு. அவர் தேய்த்துக் கொடுத்த விளக்கு மாட்டியிருந்த கார்தான் என் காலை உடைத்தது.

முன்விளக்கின் கண்ணாடி உடைந்துபோனால் மலிவான பிளாஸ்டிக் மூடி ஒன்றை மாட்டிக்கொள்வது அப்போது வழக்கமாக இருந்தது. வெயிலில் அது மஞ்சளாகிவிடும். தூசியும் மணலும் கீறி, உள்ளே எரிகிற வெளிச்சம் வெளியே வராது. சண்முகத்தாயின் கணவர் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்தார். அதே கடையின் ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்து, உப்புத்தாளை நனைத்து நனைத்து இவர் அந்த மூடிகளைத் தேய்ப்பார். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு மெல்லியது, அதன்பின் பாலிஷ். கடைசியாக, வெயில் தாங்குவதற்கு நிறமில்லாத வார்னிஷ் பூசிக் காயவைப்பார். "தேச்சதோட விட்டா தோலுரிச்ச மாதிரிதான். மேல ஒண்ணு போட்டாத்தான் நிக்கும்" என்பாராம்.

அது சீசன் முடிகிற சமயம். பொழுது சாய்ந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையோரமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு டாக்ஸி. அதன் விளக்கு எனக்குத் தெரிந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் டிரைவருக்கு நான் தெரியவில்லை, வண்டி என்மேல் மோதிவிட்டது. ராயகிரிக்காரர் கணேசன்தான் டிரைவர். அவரே என்னைத் தூக்கி வண்டியில் போட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். குடித்திருக்கிறான் என்று சொல்லி என் மைத்துனர்கள் அவரை வாசலிலேயே அடித்து, ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். அவர் குடித்திருக்கவில்லை.

மறுநாள் சண்முகத்தாய் வந்தார். கட்டிலுக்கு எட்டத்தில் நின்றார்.

"அண்ணாச்சி, நான் லைட்டுக்கடைக்காரி. கணேசன் மேல தப்பு இல்ல. அந்த லைட்டு நான் தேச்சது."

"தேச்சா நல்லாத்தான இருக்கும்?"

"மேல பூசல. வார்னிஷ் தீந்துபோச்சு. சீசன்ல வண்டிய நிறுத்த முடியாதுன்னு அவன் அவசரப்பட்டான். பாக்கப் பளபளன்னு இருந்துச்சா, குடுத்துட்டேன். பூசலைங்கத அவன்கிட்டச் சொல்லவும் இல்ல. போன வாரம் அந்த வண்டிய ரோட்டுல பாத்தேன். மங்கிப்போயிருந்துச்சு. கூப்பிட்டு நிறுத்தியிருக்கணும். கூச்சமா இருந்துச்சு, தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போயிட்டேன்."

என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "இத எதுக்கு இங்கன வந்து சொல்லுத? இவிய காலு சேந்துருமா?"

"சேராதுக்கா. அவனப் போட்டு அடிச்சிட்டாவள்லா, அதான் வந்தேன்."

அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். "லைட்டு மங்குனதுக்கு ஒன்னயப் பிடிச்சு உள்ள வைக்கச் சொல்லுதியா? போம்மா" என்று சிரித்தார்களாம். அவர் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் என்று மைத்துனர் வந்து சொன்னபோது எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. டிரைவர் மேல் எனக்குப் புகார் இல்லை என்று சொல்லியனுப்பினேன். சாயங்காலம் கணேசனை விட்டார்கள்.

ஸ்டாண்டில் நடந்ததைக் கணேசன் பிறகு என்னிடம் சொன்னார். டிரைவர்கள் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்து வாளியோடு வந்து நின்றாராம் சண்முகத்தாய். "பூசாமக் குடுத்த வண்டி இன்னும் இருக்கு. எதெதுன்னு எனக்கே நெனவில்ல. எல்லாத்தையும் கொண்டாங்க, திரும்பப் போட்டுத் தாரேன்." அவருடைய கணவர் பின்னாலேயே வந்து, "ஏட்டி, கடைய மூடவா பாக்க?" என்று சத்தம் போட்டிருக்கிறார். சிலர் சிரித்தார்கள். சிலர் இனி உன் கடைக்கே வரமாட்டோம் என்றார்கள். உதடு வீங்கிய கணேசன்தான் முதலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "எனக்குப் போடுங்கக்கா."

என் கால் கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. ஆய்க்குடிக் கோயில் பக்கம் அவர் எதிரே வந்துவிட்டால், நொண்டுவது தெரியாமல் நடக்கப் பார்ப்பேன். என்னைக் கண்டு அவர் கூனிக் குறுகுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். பல வருஷம் இப்படியே போயிற்று. ஒருநாள் வழியில் என்னை நிறுத்தினார்.

"எனக்காவ நேரா நடக்கேன்னு காலைப் போட்டு வருத்தாதீங்க அண்ணாச்சி. நீங்க தூரத்துல வரும்போதே நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அவரைத் தெரிந்தவர்கள் அவருடைய கைவேலையைச் சொல்வார்கள். எனக்கு அவர் விட்டுப்போயிருப்பது அவர் பட்ட வெட்கத்தைத்தான். முதலில் அவர் வாயை அடைத்ததும் அதுதான், பிறகு ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அவரை நடத்திக் கூட்டிப்போனதும் அதுதான். இப்போதெல்லாம் சமையலில் ஏதாவது கெட்டுவிட்டால், யாரும் கேட்பதற்குமுன் சாப்பிடுகிறவர்கள் முன்னால் போய் நின்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது காதெல்லாம் சுடுகிறது. சுடட்டும்.