கொடிக்குப் பின்னால் தென்னை

எங்கள் ஊரில் எது புதிதாக வீட்டுக்கு வந்தாலும் முதலில் மலைப்பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை. ஸ்கூட்டர் வாங்கினால் அதன் மூக்கு மலையைப் பார்த்து நிற்க வேண்டும். புது போன் வாங்கினால் முதல் படம் கோபுரம்தான், பெற்ற பிள்ளையின் படம்கூட அதற்கப்புறம்தான். கோல்ஃப் ஆடுவதற்காக நான் தூரம் அளக்கும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கியபோது அதை முதலில் எந்தப் பக்கம் திருப்பினேன் என்று சொல்லவே வேண்டாம். அங்கேதான் கோட்டை விட்டேன்.

திருவண்ணாமலைக்காரிக்கு கோல்ஃபா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். வடக்கே ஒரு கன்டோன்மென்ட்டில் இருந்தபோது, காலையில் மைதானம் காலியாகக் கிடக்கும் நேரத்தில் குடும்பத்துப் பெண்களும் ஆடலாம் என்றார்கள். மற்றவர்கள் வெயில், கறுத்துப்போவோம் என்று தயங்கினார்கள். நான் அடி அண்ணாமலையில் வேர்க்கடலைக் கொல்லையில் வெயிலோடு வளர்ந்தவள். மண்வெட்டி பிடித்த கைக்கு கோல்ஃப் மட்டை என்ன பெரிய கனம்? ஒரு வருஷத்தில் அவரையே தோற்கடித்தேன்.

என் பலம் கண். பந்து போய் விழ வேண்டிய குழியில் நட்டிருக்கும் கொடியைப் பார்த்த உடனே இத்தனை கெஜம் என்று சொல்லிவிடுவேன், பெரிதாகத் தப்பாது. கோல்ஃபில் பாதி ஆட்டம் அதுதான். தூரம் தெரிந்தால்தான் எந்த மட்டையை எடுப்பது என்று தெரியும். இவர் எட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, யோசித்து நிற்பதற்குள் நான் அடித்துவிட்டு நடந்துகொண்டிருப்பேன்.

இவர் ஓய்வு பெற்று, ஊர்ப்பக்கம் வேங்கிக்காலில் வீடு கட்டி வந்தபின் என் இடது கண்ணில் விழித்திரை கிழிந்தது. ஆபரேஷன் நடந்தது. பார்வை திரும்பவில்லை. சரி, இன்னொன்று இருக்கிறதே என்று எழுந்துவிட்டேன். ஆனால் ஒரு கண் போனால் தூரம் போய்விடும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. டம்ளரில் காபி ஊற்றப்போய் அடுப்பு மேடையில் ஊற்றினேன். பஸ் படி இருக்கிறது என்று காலை வைத்தால் அது இன்னும் தள்ளி இருந்தது. அதெல்லாம் பழகிவிட்டது. கொடி மட்டும் பழகவில்லை. அது பக்கத்தில் நிற்கிறதா, தூரத்தில் நிற்கிறதா, எதுவும் தெரியாமல் வெறும் படமாக நின்றது.

இவருடைய பழைய படைத்தோழர்கள் வருஷத்துக்கு ஒருமுறை பெங்களூரில் குடும்பத்தோடு கூடி ஆடுவார்கள். கண் போனபின் நடந்த முதல் கூடலில், நான் மட்டையைத் தொடும் முன்பே இவர் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் வந்து நின்று, "நூத்தி இருவது. நான் சொல்றேன், நீ அடி" என்றார். பாசம்தான், தெரியும். எல்லோரும் "பாவம்" என்று பார்த்தார்கள். எனக்கு மட்டையை முறித்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. திரும்பி வரும் வழியிலேயே சொல்லிவிட்டேன்:

"தூரத்த நானே பாக்கணும். இல்லன்னா மட்டப் பையத் தூக்கிப் பரண்ல போட்டுடுங்க. இன்னொருத்தர் கண்ணால நான் ஆட மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் ரேஞ்ச்ஃபைண்டர் தேட ஆரம்பித்தார்.

உள்ளங்கையில் அடங்கும் கருவி அது. ஒரு கண்ணை வைத்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் லேசர் போய் எதிலாவது பட்டுத் திரும்பி வரும், உள்ளே தூரம் தெரியும். எங்கள் ஊரில் ருத்ராட்சம் விற்காத தெரு இல்லை, இது விற்கிற கடை ஒன்றுகூட இல்லை. ஆன்லைனில் இரண்டு வரவழைத்தோம். பிடித்ததை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்பி அனுப்பலாம். ஒன்று பெரிது, கறுப்பு, பார்க்கவே மிடுக்கு. இன்னொன்று சின்னது, வெள்ளை, ஷேவிங் மிஷின் மாதிரி இருந்தது.

கடலை பிடுங்கிய கொல்லை காலியாகக் கிடந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனோம். வரப்பில் நின்று பெரியதை ஊர்க்கோயில் கோபுரத்துக்குத் திருப்பினேன். பட்டென்று எண் வந்தது. அதற்கும் அப்பால் மலைச்சரிவில் ஒரு பாறைக்குத் திருப்பினேன். அதற்கும் வந்தது! சின்னது கோபுரத்துக்கே யோசித்து யோசித்துச் சொன்னது. மலைக்கு வெறும் கோடுதான் காட்டியது.

"மலைக்கே எட்டுற கண்ணு கொடிக்கு எட்டாதா?" என்றார் இவர். எனக்கும் அதே எண்ணம்தான். அண்ணாமலையாரையே பார்க்கத் தெரியாத கருவி எனக்கு எதற்கு? சின்னதை அன்றைக்கே டப்பாவில் போட்டு டேப் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் மூங்கில் கொம்பில் பழைய சேலைத் துண்டைக் கட்டிக் கொல்லைக் கோடியில் நட்டோம். பெரியதில் பார்த்தேன். நூற்று அறுபத்தைந்து. அதற்கான மட்டையை எடுத்து அடித்தேன். சத்தத்திலேயே தெரிந்தது, நல்ல அடி. பந்து கொடியைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் போனது. மறுபடி பார்த்தேன், மறுபடி அதே எண், மறுபடி தோப்பு. ஒரு கூடை பந்தையும் தோப்புக்கே தானம் செய்தேன்.

இவர் வேலிக் கம்பிக்கு அளக்கிற டேப்பை இழுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்தார். "கொடி நூத்தி நாப்பதுதான். இது பின்னாடி இருக்குற தென்னய அளக்குது. ரெண்டு கண்ணு இருக்குறவனுக்கு ஜாஸ்தி சொல்லுதுன்னு பாத்தாலே தெரிஞ்சுடும். உனக்கு…" என்று நிறுத்திக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "வுடு. நானே சொல்றேன், நீ அடி" என்றார்.

அப்படியே கொல்லையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், ஆமாம். கருவி பொய் சொன்னதற்காக அல்ல. பொய் என்று எனக்குத் தெரியவில்லையே என்றுதான் அழுகை. இனி பை பரணுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அழுது முடித்ததும் புத்தி வேலை செய்தது. கோபுரமும் மலையும் எவ்வளவு பெரிது! குருட்டாம்போக்கில் திருப்பினாலும் அதன்மேல்தான் படும். ஆனால் நான் அடிக்க வேண்டியது மலையையா? மெலிந்த ஒரு கொம்பையல்லவா? பரீட்சையே தப்பு. ஸ்கூட்டருக்கு மலையைக் காட்டுகிற பழக்கத்தில் இதற்கும் காட்டித் தொலைத்திருக்கிறோம்.

"இன்னாங்க, கார்ல அந்தச் சின்னது இருக்குதா?" என்றேன். கூரியரில் போட வைத்திருந்த டப்பாவைப் பிரித்தோம். கொடியைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினேன். நூற்று நாற்பது என்று காட்டியதோடு, கையில் சின்னதாக ஓர் அதிர்வு வந்தது. முன்னால் நிற்பதைப் பிடித்துவிட்டேன் என்று அது சொல்கிற முறை அது. வேண்டுமென்றே கொடியை விட்டுத் தென்னையைப் பார்த்தேன். எண் வந்தது, அதிர்வு வரவில்லை. கொடிக்குத் திரும்பினேன். மறுபடியும் உள்ளங்கை துடித்தது. இரண்டையும் வேறுபடுத்த எனக்கு இன்னொரு கண் தேவைப்படவில்லை. கை போதும்.

"குடு, பாக்கறேன்" என்று இவர் வாங்கினார். அதைக் கண்ணில் வைத்ததும் தானாக இடது கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்குச் சிரிக்கற?"

"இதுக்குள்ள பாக்கறப்ப எல்லாரும் ஒத்தக்கண்ணுதாங்க. எனக்கு ஒரு வேல மிச்சம்."

பெரியது திரும்பிப் போனது. சின்னதில் மேடு பள்ளத்துக்குத் தகுந்தபடி தூரத்தைக் கூட்டிக் குறைத்துச் சொல்லும் வசதியும் இருக்கிறது. போட்டியில் அது கூடாது என்பதால் வெளியே தெரிகிற மாதிரி ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அதை அணைத்தே வைத்துவிட்டேன். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த என் நாத்தனார் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா அண்ணி?" என்றாள். "ஒரு கண்ணு போனவளுக்குச் சூரியன் பாதியாவாடி தெரியும்?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வருஷக் கூடலுக்குப் போகும் வழியெல்லாம் இவரிடம் ஒரே பேச்சுதான்: நானாகக் கேட்காமல் தூரம் சொல்லக் கூடாது. மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒவ்வொரு கொடிக்கும் வாய் அசையும், சத்தம் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். நான் பார்த்தேன், கை துடித்தது, அடித்தேன். இரண்டு தடவை சொதப்பினேன். அவை என்னுடைய சொந்தச் சொதப்பல்கள், சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

கடைசிக்கு முந்தின கொடி ஒரு குளத்துக்கு அப்பால், கரும்பச்சை மரங்களை ஒட்டி நின்றது. முதலில் இவர் அடிக்க வேண்டும். தனக்கு அந்தக் கருவி வேண்டாம் என்று அதுவரை தொடாமலே ஆடிக்கொண்டிருந்தவர், ஒரு மட்டையை எடுத்தார், வைத்தார். வேறொன்றை எடுத்தார், அதையும் வைத்தார். எட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"எவ்ளோ வருது?"

கருவியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கை துடித்தது.

"நூத்தி நாப்பத்தேழு."

"பின்னாடி மரம் இல்லியே?"

"கொடிதாங்க."

மூன்றாவதாக ஒரு மட்டையை எடுத்து அடித்தார். பந்து குளத்தைத் தாண்டிக் கொடிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. ஒதுங்கி எனக்கு வழிவிட்டு நின்றார்.

அடுத்தது என் முறை. யாரும் எனக்குத் தூரம் சொல்லவில்லை.