உயிர் உரத்துக்கு லக்கேஜ் டிக்கெட்

விசில் அக்கா என்றால் அந்த பஸ் ரூட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். கண்டக்டர் வேலை. வாய் கொஞ்சம் நீளம்தான். இல்லாவிட்டால் அத்தனை கூட்டத்தைக் கட்டி மேய்க்க முடியுமா?

வீட்டுக்குப் பின்னால் அவள் வைத்த மாதுளை ஆளுயரம் தாண்டியும் ஒரு பூவைக் காட்டவில்லை. அவள் கணவர் தையல்காரர். அந்த இடத்தில் துணி வெட்ட ஒரு ரூம் கட்ட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

"கொத்தனார் பக்கத்துத் தெரு வேலை முடிஞ்சதும் இங்கதான் வர்றாரு. அதுக்குள்ள பூத்தா மரம், இல்லன்னா ரூம்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

விடுவாளா விசில் அக்கா? ஓடினாள் நர்சரிக்காரரிடம்.

"யூரியாவா கொட்டினா இலைதாம்மா வரும். மண்ணுல உயிரே இல்ல" என்று அவர் ஒரு மூட்டை மக்கிய உரமும் இரண்டு பாக்கெட் உயிர் உரமும் கொடுத்தார். "உள்ள பாக்டீரியா உயிரோட இருக்கு. வெயில் பட்டா செத்துடும்."

மறுநாள் டியூட்டி பஸ்ஸிலேயே மூட்டையை ஏற்றினாள். நியாயஸ்தி அல்லவா, தனக்குத் தானே லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்துக்கொண்டாள். பாக்கெட்டுகள் வெயில் படாமல் தோள்பையில். வந்து சேர்ந்தாரே செக்கிங் ஆபீசர்! பையைத் துழாவி, பாக்கெட்டைக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"உயிருள்ளதுன்னு போட்டிருக்கே. உயிருக்கு லக்கேஜ் டிக்கெட் செல்லாதும்மா. ஆடு, கோழிக்கு உள்ள ரூல்தான்."

"ஆடு கோழின்னா எண்ணலாம் சார். இது கோடிக்கணக்குல இருக்கு. நீங்க எண்ணிச் சொல்லுங்க, நான் கிழிக்கிறேன்."

"அதுல அரை டிக்கெட் எத்தனைன்னும் கேளுங்க" என்றார் பின் சீட்டுக்காரர். பஸ்ஸே குலுங்கியது. ஆபீசர் முறைக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே மரத்தைச் சுற்றி, தண்டை ஒட்டாமல் வட்டமாகப் பள்ளம் பறித்தாள். மக்கிய உரத்தில் பாக்கெட்டிலிருந்த உயிர் உரப் பொடியைக் கலந்து போட்டு, மண் தள்ளி, மேலே சருகு மூடித் தண்ணீர் விட்டாள். அப்புறம் தினமும் காலையில் மரத்தோடு பேச்சு. கெஞ்சல் பாதி, திட்டு பாதி. துளிர் வந்தது. பூ மட்டும் வரவில்லை.

கொத்தனார் வருகிற நாளும் வந்தது. கிளம்பும்போது மரத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. மத்தியான டிரிப்பில், கழுத்தில் டேப் தொங்க ஒருவர் பஸ்ஸுக்குப் பின்னால் தலைதெறிக்க ஓடிவந்தார். அவள் வீட்டுக்காரரேதான்! பஸ்ஸை நிறுத்தினாள்.

"பூத்துடுச்சு" என்று மூச்சிரைத்தார். "ரெண்டு. உள்பக்கக் கிளையில, இலைக்கு அடியில. கொத்தனாரைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"உள்பக்கமா? நீங்க எதுக்கு அங்க போனீங்க?"

அவர் டேப்பைச் சுருட்டினார், விரித்தார்.

"நீ போனப்புறம் வெயில்ல மண்ணு காஞ்சுடுது. தெனமும் மத்தியானம் நான்தான் தண்ணி விடுறேன்."

"ரூம் வேணும்னீங்களே?"

"வேணும்தான். காலையில நீ அதுகிட்ட கெஞ்சுறது எனக்கும் கேக்குதுல்ல."

அத்தனை பேர் பார்க்க, அந்த டேப்பைப் பிடித்து இழுத்து அவரைத் தன் சீட்டில் உட்கார வைத்தாள் அவள்.