பிளவு இல்லை

எங்கள் புவிச்சரிதவியல் சங்கத்தின் பதுளைக் கிளைக்கு நான் செயலாளர். மூன்றாம் நாளாக மழை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் ஒரு லயத்தில், மண்சரிவு அபாயம் கணக்கெடுக்கும் படிவத்தோடு நின்றேன்.

"நிலத்தில் பிளவு உண்டா?"

"இல்லீங்க ஐயா," என்றார் கொழுந்து பறிக்கும் செல்லம்மா.

‘இல்லை’ என்று எழுதிக் குடையை விரித்தேன்.

"பிளவெல்லாம் தெரியாதுங்க. லயத்துக்குப் பின்னால தரை வெடிச்சுக் கெடக்கு. நேத்து கோழிக்குஞ்சு ஒன்னு உள்ள போயிருச்சு. அதையும் எழுதிக்கிறீங்களா?" என்று சிரித்தார்.

ஓடிப்போய் வெடிப்பில் கையை விட்டேன். முழங்கை வரை போனது. அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எல்லாக் குடும்பங்களையும் பாடசாலைக்கு அனுப்பினோம். மாலைக்குள் லயத்தில் பாதி சரிந்துபோனது.

படிவத்துக்குப் ‘பிளவு’ என்ற சொல்லைத் தேர்ந்தவன் நான். நல்ல தமிழென்று கிளைக் கூட்டத்தில் கைதட்டினார்கள். செல்லம்மா கேலி செய்யாதிருந்தால், என் ‘இல்லை’யை நம்பி எல்லோரும் அங்கேயே இருந்திருப்பார்கள்.